ஆட்சியைக் கவிழ்த்த லெப்டினன்ட் கர்னல் பிஜியின் பிரதமர் ஆனது எப்படி? அதுவும் இரண்டு முறை?

முத்துவேல் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. பிஜியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கரும்பு, ரக்பி, நாண்டியில் இருக்கிற பெரிய முருகன் கோயில், அவ்வளவுதான். வேறு எதையோ தேடப்போய் அந்த நாட்டுப் பிரதமர் சிதிவேனி ரபுகாவைப் பற்றிப் படிக்க நேர்ந்தது, அதிலிருந்து தலை சுற்றுகிறது. 1987-ல் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்சியைக் கவிழ்த்திருக்கிறார். இந்தியர்கள் பலம் பெற்றுவிட்டார்கள் என்பதுதான் காரணமாம். அதே ஆள் 1992-ல் தேர்தலில் நின்று பிரதமர் ஆகிறார், 1999-ல் தோற்கிறார், அப்புறம் 2022-ல் 74 வயதில் மறுபடி பிரதமர், இந்த முறை இந்தியர்கள் அதிகம் இருக்கும் ஒரு கட்சியின் ஆதரவோடு! நடுவில் பதினாறு வருஷம் ஆண்ட பைனிமராமாவும் ராணுவத்துக்காரர்தான், அவரும் ஆட்சியைக் கவிழ்த்து வந்தவர்தான்.

பத்து லட்சம் பேர்கூட இல்லாத, பக்கத்தில் எதிரி நாடு என்று ஒன்றுமே இல்லாத தீவில் ராணுவத்துக்கு இவ்வளவு செல்வாக்கு எங்கிருந்து வந்தது? மக்கள் பயந்து ஓட்டுப் போடுகிறார்களா, இல்லை நிஜமாகவே பிடித்துப் போடுகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விக்கிப்பீடியா சுட்டி மட்டும் வேண்டாம், படித்துவிட்டேன், அதைப் படித்துத்தான் குழம்பியிருக்கிறேன்.

நீலகிரியான்:

முத்துவேல், இது நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னச் செய்தி. ரபுகா நம்ம குன்னூர் வெலிங்டனில் இருக்கிற ராணுவ ஸ்டாஃப் காலேஜில் படித்தவர். அதிகாரிப் பயிற்சி நியூசிலாந்தில், ஸ்டாஃப் படிப்பு இந்தியாவில், மேல்படிப்பு ஆஸ்திரேலியாவில், நடுவில் லெபனானில் ஐ.நா. அமைதிப்படை. ரக்பியில் நாட்டுக்காக ஆடியிருக்கிறார், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்கிறவர். ரக்பி, சர்ச், ராணுவம் என்று பிஜிப் பூர்வகுடிக் கிராமம் மதிக்கிற மூன்றுமே ஒரே ஆளிடம் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1970-ல் சுதந்திரம் வந்ததிலிருந்து பதினேழு வருஷம் ராத்து மாரா என்கிற பெரிய குடித்தலைவர்தான் பிரதமர். 1987 ஏப்ரல் தேர்தலில் அவர் தோற்றுப்போய், லேபர் கட்சியும் தேசியக் கூட்டமைப்புக் கட்சியும் சேர்ந்து டாக்டர் திமோசி பவத்ராவைப் பிரதமர் ஆக்கின. பவத்ரா பூர்வகுடிக்காரர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த எம்.பி.க்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். 1986 கணக்கெடுப்பில் இந்தியர்கள் 48.7 சதவீதம், பூர்வகுடியினர் 46 சதவீதம் என்று வந்திருந்த நேரம் அது. "நம் நிலம் போகப்போகிறது" என்று ஊர்வலங்கள் கிளம்பின. நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சட்டப்படி பூர்வகுடிகளின் பொதுச்சொத்து, அதை விற்கவே முடியாது, ஆனால் பயத்துக்குச் சட்டப் புத்தகம் தெரியுமா?

மே 14, காலை பத்து மணி. சபையில் எதிர்க்கட்சி எம்.பி. தனியேலா வெய்தாதா பேசிக்கொண்டிருக்கிறார். அதிகாரம் துப்பாக்கிக் குழாயிலிருந்து பிறக்கிறது என்று மாவோ சொன்னாரே, அந்தக் கதை நம் நாட்டில் கிடையாது, இங்கே துப்பாக்கி இல்லை, நமக்குக் குடித்தலைவர்கள் இருக்கிறார்கள் என்ற பொருளில் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. நான் ஜோடிக்கவில்லை, சபைக் குறிப்பில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் முகமூடி போட்ட பத்து சிப்பாய்கள் உள்ளே நுழைகிறார்கள். பார்வையாளர் மாடத்தில் சீருடை இல்லாமல் உட்கார்ந்திருந்த ரபுகா எழுந்து முன்னால் வருகிறார். பிரதமரையும் அவருடைய எம்.பி.க்களையும் வெளியே நடத்திக்கொண்டு போய் லாரியில் ஏற்றுகிறார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அப்போது ரபுகா ராணுவத்தில் மூன்றாம் இடத்தில் இருந்த லெப்டினன்ட் கர்னல்தான், தளபதி நைலாத்திகாவ் ஆஸ்திரேலியாவில் இருந்தார்.

எல்லோரும் இதோடு நிறுத்திவிட்டு, துப்பாக்கியைக் காட்டினார், நாற்காலி கிடைத்தது என்று முடித்துவிடுகிறார்கள். நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. ரபுகா குடித்தலைவர் வம்சம் கிடையாது, சாதாரணக் குடும்பம். அன்றைய கவர்னர் ஜெனரல் கனிலாவ் யார் என்றால் ரபுகாவின் சொந்த மாகாணமான தகவுண்ட்ரோவேயின் உயர்குடித் தலைவர்! ஊரில் அவர் முன்னால் தரையில் உட்கார வேண்டியவர் இவர். கனிலாவ் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, மாராவும் பவத்ராவும் சேர்ந்து ஆள்வது என்று செப்டம்பரில் ஒரு உடன்பாடு வந்தது. அது நடப்புக்கு வருவதற்குள், செப்டம்பர் 25-ம் தேதி ரபுகா இரண்டாம் முறை கவிழ்த்தார். நாட்டைக் குடியரசு என்று அறிவித்தார், காமன்வெல்த்திலிருந்து பிஜி வெளியே போனது. இவ்வளவும் செய்துவிட்டு டிசம்பரில் கனிலாவை ஜனாதிபதி ஆக்கி, மாராவைப் பிரதமர் ஆக்கி, அதிகாரத்தைப் பழைய ஆட்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் அவர் பிரதமர் ஆக ஐந்து வருஷம் ஆயிற்று. 1990-ல் புது அரசியலமைப்பு. 70 இடத்தில் 37 பூர்வகுடிகளுக்கு, 27 இந்தியர்களுக்கு, பிரதமர் பூர்வகுடியாகத்தான் இருக்க வேண்டும். குடித்தலைவர்கள் சபையே ஒரு கட்சி தொடங்கியது, ரபுகா சீருடையைக் கழற்றிவிட்டு அதற்குத் தலைவர் ஆனார். 1992 தேர்தலில் கட்சி ஜெயித்தது, ஆனால் பிரதமர் பதவிக்குப் பூர்வகுடித் தலைவர்களுக்குள்ளேயே போட்டி. அந்த இழுபறியில் ரபுகாவுக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? மகேந்திர சவுத்ரியின் லேபர் கட்சி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் லாரியில் ஏற்றி அனுப்பிய அதே கட்சி! அரசியலமைப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும், குத்தகைப் பிரச்சினையைப் பார்க்க வேண்டும் என்று சில நிபந்தனைகளோடு கொடுத்த ஆதரவு. ஆக, "இந்தியர் ஆதரவோடு ரபுகா" என்பது 2022-ல் புதிதாக நடந்த அதிசயம் இல்லை, முதல் தடவையே அப்படித்தான் வந்தார்.

அதற்குப் பிறகு இந்தியத் தலைவர் ஜெய்ராம் ரெட்டியோடு உட்கார்ந்து 1997-ல் கொஞ்சம் நியாயமான அரசியலமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பிஜி காமன்வெல்த்தில் மறுபடி சேர்ந்தது. இரண்டு பேருக்கும் கிடைத்த பரிசு 1999 தேர்தல் தோல்வி. ரெட்டியின் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை, ரபுகா கட்சிக்கு எட்டு. சவுத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமர் ஆனார்.

பைனிமராமா பற்றி வேறு யாராவது எழுதுங்கள், எனக்குக் கை வலிக்கிறது.

யாழ்வாசகன்:

தலைப்பைப் பார்த்தவுடன் எங்கட கோத்தபாய பற்றித்தான் கேக்கிறீங்களாக்கும் எண்டு உள்ள வந்தன். அவரும் லெப்டினன்ட் கர்னல், அவரும் தீவு. ஆனா இவையளோட ஒப்பிட ஏலாது. அவர் ஆட்சியைக் கவிழ்த்து வரேல்ல, 1991-லயே படையை விட்டு அமெரிக்கா போய், பிறகு அண்ணன் ஜனாதிபதியா இருக்கேக்க பாதுகாப்புச் செயலாளரா வந்து, 2019-ல 52 வீத வாக்கு எடுத்து வந்தவர். போனதுதான் வேற மாதிரி, 2022 ஜூலையில சனம் மாளிகைக்குள்ள புகுந்து துரத்திச்சுது. இலங்கையில அதிகாரம் குடும்பத்தாலயும் வாக்காலயும் வந்தது, படை அதுக்குப் பின்னால நிண்டது. பிஜியில படையே முன்னால நிண்டிருக்கு போல. நீலகிரியான் அண்ணை எழுதினதை வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன். தொடருங்கோ.

நாண்டிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்தது பிஜி, இப்போது சிட்னியில். எங்கள் வீட்டில் பேச்சு பிஜி இந்தி, தமிழ் எழுதப் பழகியது கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் வீட்டில். தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

ராணுவத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று முத்துவேல் அண்ணா கேட்டதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் கரும்புத் தோட்டம் குத்தகை நிலம். நிலத்துக்காரர் குடும்பம் பக்கத்துப் பூர்வகுடிக் கிராமம். சாயங்காலம் அந்த வீட்டுப் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து அப்பாவோடு யங்கோனா (காவா என்கிற வேரிலிருந்து எடுக்கும் பானம்) குடிப்பார், இரண்டு பேரும் எங்கள் இந்தியில் கரும்பு விலையைத் திட்டுவார்கள். அவருடைய மூத்த மகன் லெபனானில் அமைதிப்படையில் இருந்தான். அவன் அனுப்பிய காசில்தான் அந்த வீட்டுக்குத் தகரக் கூரை போய்க் கான்கிரீட் சுவர் வந்தது, தம்பி தங்கைகள் படித்தார்கள். அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் இருந்தார். 1978-லிருந்து லெபனான், 1982-லிருந்து சினாய் என்று ஒரு தலைமுறையே வெளிநாட்டுப் பாலைவனத்தில் காவல் நின்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. வெளி உலகத்தில் பிஜி என்ற பெயருக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்ததும் அதுதான். எங்கள் ஆட்கள் அந்தப் படையில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். நாட்டில் பாதி நாங்கள், படையில் கிட்டத்தட்ட யாரும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

1987-ல் நான் சின்னப் பெண். மே 14 எங்களுக்கு வேறு ஒரு நாள். 1879-ல் லியோனிடாஸ் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது அதே மே 14-ம் தேதி. (தெற்கிலிருந்து மதராஸ் கப்பல்கள் 1903-லிருந்துதான் வந்தன, எங்கள் ஆட்கள் அதில் வந்தவர்கள்.) சரியாக 108 வருஷம் கழித்து அதே நாளில் ரேடியோ அந்தச் செய்தியைச் சொன்னது. பெரியவர்கள் சத்தமாகப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்த வருஷம் அறுவடையை ஆரம்பிக்காமல் விவசாயிகள் இழுத்தடித்தார்கள். பிஜி டாலர் மதிப்பை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை குறைத்தார்கள். இரண்டாவது கவிழ்ப்புக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் வேறு. ரபுகா பிரசங்கி ஆயிற்றே! ஞாயிறு கடை கிடையாது, பஸ் கிடையாது, விளையாட்டுக்கூடக் கூடாது. இந்துவோ முஸ்லிமோ எல்லோரும் கிறிஸ்தவ ஓய்வுநாளை அனுசரிக்க வேண்டும். எங்கள் வீதிப் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு கரும்புக்குள் ஒளிந்து ஆடுவார்கள்.

படித்தவர்கள் முதலில் கிளம்பினார்கள். டாக்டர், ஆசிரியர், கணக்காளர் என்று வரிசையாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. எங்கள் தோட்டத்தின் முப்பது வருஷக் குத்தகை முடிந்தபோது புதுப்பிக்கவில்லை, நாங்களும் கிளம்பினோம். நிலத்துக்காரப் பெரியவர் விமானநிலையம் வரை வந்து அழுதார். அவர் ரபுகாவுக்குத்தான் ஓட்டுப் போட்டவர், அதையும் ஒளிக்காமல் சொல்வார். உங்கள் "பயமா, பிடித்தா" கேள்விக்கு நான் யாரைக் காட்டுவது? 48 சதவீதம் இருந்த நாங்கள் 2007 கணக்கில் 37 சதவீதம். ஆள் குறைந்தபிறகு எங்களைக் காட்டிப் பயமுறுத்துவதும் குறைந்துவிட்டது.

கடற்காகம்:

நாண்டிக்காரி அக்கா எழுதியதற்குப் பிறகு எழுதவே கூச்சமாக இருக்கிறது. சரி, பைனிமராமா பாக்கி இருக்கிறதே.

இவர் கடற்படை. 1999-ல் மொத்தப் படைக்கும் தளபதி ஆனார். 2000 மே 19-ல் ஜார்ஜ் ஸ்பைட் என்கிற வியாபாரி, ராணுவத்தின் சிறப்புப் பிரிவுச் சிப்பாய்கள் சிலரோடு நாடாளுமன்றத்தில் புகுந்து சவுத்ரியையும் மற்றவர்களையும் 56 நாள் பணயமாக வைத்திருந்தார். பைனிமராமா ராணுவச் சட்டம் அறிவித்தார், அப்போது ஜனாதிபதியாக இருந்த மாரா ஒதுங்கினார், பணயக்கைதிகள் வெளியே வந்ததும் ஸ்பைட்டைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆனால் சவுத்ரியிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இதைக் கவனியுங்கள். கராசே என்கிற பூர்வகுடி வங்கியாளரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்பைட்டுக்குத் தேசத்துரோகக் குற்றம், மரண தண்டனை, அதைக் குறைத்து ஆயுள், 2024 செப்டம்பரில்தான் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார். ரபுகாவும் பைனிமராமாவும் செய்ததற்கு ஒருநாள்கூடச் சிறை கிடையாது, இருவருக்கும் அரசியலமைப்பிலேயே விலக்கு எழுதிவைத்திருக்கிறது. ஸ்பைட்டிடம் சில சிப்பாய்கள்தான் இருந்தார்கள், இவர்களிடம் படையே இருந்தது. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பைனிமராமா மாறியது 2000 நவம்பர் 2-ம் தேதி என்று நினைக்கிறேன். தலைநகர் சுவாவில் எலிசபெத் ராணி ராணுவ முகாமில் மதியச் சாப்பாட்டு நேரம். அதே சிறப்புப் பிரிவுக்காரர்கள் கலகம் செய்து தளபதியைக் கொல்லப் பார்த்தார்கள். விசுவாசமான சிப்பாய்கள் சுட்டு மறைப்புக் கொடுக்க, அவர் சரிவில் இறங்கி மரவள்ளிக் கொல்லை வழியாகத் தப்பி ஓடினார். எட்டுப் பேர் செத்தார்கள், அதில் பிடிபட்ட கலகக்காரர்கள் சிலர் அடித்தே கொல்லப்பட்டவர்கள். இன்றைக்கும் அங்கே அவருடைய எதிரிகள் கிண்டல் செய்ய "மரவள்ளி" என்ற ஒரு சொல் போதும். அதற்கப்புறம் கராசே தேர்தலில் ஜெயித்து வந்து, 2000 கவிழ்ப்பில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மன்னிப்பு கொடுக்க வழி செய்யும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். உயிர் தப்பி ஓடிய மனிதனிடம் போய், உன்னைக் கொல்ல வந்தவர்களின் கூட்டாளிகளை மன்னித்துவிடு என்றால்? இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் வாய்ச்சண்டை நடந்தது. 2006 டிசம்பர் 5-ல் தளபதி ஆட்சியை எடுத்துக்கொண்டார். ஊழலைச் சுத்தம் செய்கிறேன் என்று சொன்னார். முதலில் ராணுவ டாக்டர் ஒருவரைப் பிரதமர் நாற்காலியில் வைத்தார், ஒரு மாதத்தில் அவரை இறக்கிவிட்டு 2007 ஜனவரியில் தானே உட்கார்ந்தார். நிதியமைச்சர் யார்? சவுத்ரி! (சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒன்றரை வருஷத்தில் வெளியே வந்துவிட்டார்.)

2009-ல் தேர்தல் நடத்துகிறேன் என்றார். அந்த வருஷம் ஏப்ரல் 9-ம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த ஆட்சி சட்டவிரோதம் என்று தீர்ப்பு சொன்னது. மறுநாளே ஜனாதிபதி அரசியலமைப்பை ரத்து செய்து எல்லா நீதிபதிகளையும் வீட்டுக்கு அனுப்பினார். தேர்தல் 2014-க்குப் போயிற்று. நடுவில் யாஷ் காய் என்கிற கென்ய சட்ட அறிஞரை அழைத்துப் புது அரசியலமைப்பு வரைவு எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் அச்சடித்த 600 பிரதிகளைப் போலீஸ் பறித்தது, அச்சகத்தில் மெய்ப்புத் தாள்களை அந்த மனுஷன் கண்ணெதிரிலேயே எரித்தார்கள். 2013-ல் அரசே தனக்கு வேண்டியபடி ஒன்றை எழுதிக்கொண்டது.

சமதர்மன்:

மேலே எழுதியவர் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. 2013 அரசியலமைப்பில்தான் இனவாரித் தொகுதிகள் ஒழிந்தன. அதுவரை இந்தியர் தனி வாக்காளர் பட்டியல், பூர்வகுடி தனிப் பட்டியல். இப்போது நாடு முழுக்க ஒரே தொகுதி, எல்லோர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு, எல்லோருக்கும் பிஜியர் என்ற ஒரே அடையாளம். குத்தகைப் பணத்தில் குடித்தலைவர்கள் எடுத்துக்கொண்ட பெரும்பங்கை நிறுத்தி, நிலத்துக்காரர்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தார் பைனிமராமா. குடித்தலைவர்கள் சபையையே 2012-ல் கலைத்தார். இலவசப் பள்ளிக்கல்வி. 2014 தேர்தலில் 59 சதவீத ஓட்டு, அவர் ஒருவர் பெயருக்கு மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இருந்து பார்த்த தேர்தல் அது. இந்தியர்கள் பெருவாரியாகப் போட்டார்கள், பூர்வகுடிகளிலும் நிறையப் பேர் போட்டார்கள். அத்தனை ஓட்டையும் பயம் என்று சொல்லிவிட முடியுமா? எனக்கு என்னவோ, ரபுகா குடித்தலைவர்களுக்கு வாயில்காப்பாளராக இருந்தார், இவர் அவர்கள் கோட்டையையே இடித்தார், அந்த அளவில் இவர்தான் பெரிய ஆள்.

நாண்டிக்காரி:

சமதர்மன் அண்ணா, சிட்னியில் எங்கள் உறவுக்குள்ளேயே இந்தச் சண்டை ஓயாது. என் மாமா வீட்டில் பைனிமராமா படம் மாட்டியிருந்தார்கள். 2009-ல் இரட்டைக் குடியுரிமை கொடுத்தார், என் அத்தை அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிவிட்டார். மறுக்கவில்லை. ஆனால் அதே ஆட்சியில் பத்திரிகைக்காரர்கள் எழுதப் பயந்தார்கள், தொழிற்சங்கத் தலைவர்களைப் பிடித்துப் போனார்கள், முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய் அடித்த கதைகள் எத்தனை! சமத்துவத்தை முகாமிலிருந்து அறிவிப்பாக அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம், கேள்வி மட்டும் கேட்கக் கூடாது என்றால் எப்படி? என் அப்பா ஒரு தடவை சொன்னார், ரபுகா எங்களைப் பயமுறுத்தினான், இவன் எல்லோரையும் சமமாகப் பயமுறுத்துகிறான் என்று. அவர் கேலியாகத்தான் சொன்னார், மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

2023 மே மாதம், அதே 14-ம் தேதி, ரபுகா ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில் 1987-க்காக எங்கள் ஆட்களிடம் மன்னிப்பு கேட்டார். அந்த வருஷத்திலிருந்து கிர்மித் நாள் (ஒப்பந்தக் கூலிகளை நினைவுகூரும் நாள்) அரசு விடுமுறை. அப்பாவிடம் காணொளியைக் காட்டினேன். முழுசும் பார்த்துவிட்டு, "குத்தகையைப் பற்றி ஏதாவது சொன்னானா?" என்று மட்டும் கேட்டார்.

நீலகிரியான்:

கை வலி போய்விட்டது, 2022-ஐயும் முடித்துவிடுகிறேன்.

பைனிமராமா கட்சி 2018-லேயே இறங்கிவிட்டது, 50.02 சதவீதம்தான், நூலிழை. 2022 டிசம்பரில் 55 இடத்தில் அவருக்கு 26, ரபுகாவின் புதுக்கட்சிக்கு 21, இந்தியர்கள் அதிகம் இருக்கும், பிமன் பிரசாத்தின் தேசியக் கூட்டமைப்புக் கட்சிக்கு 5, சொதெல்பா என்ற பூர்வகுடிக் கட்சிக்கு 3. (சொதெல்பாவும் முன்னால் ரபுகா தலைமை தாங்கிய கட்சிதான், சண்டை போட்டு வெளியே வந்திருந்தார்.) அந்த மூன்று பேர் யார் பக்கம் போவது என்று கட்சிக்குள் ஓட்டெடுத்தார்கள், அதில் ஏதோ குறை என்று மறுபடி எடுத்தார்கள், இரண்டாம் தடவை 13-க்கு 12. சபையில் ரகசிய வாக்கெடுப்பு 28-க்கு 27. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ரபுகா பிரதமர். நாடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது எதை என்றால், எண்ணிக்கையை இல்லை, முகாமை. போலீஸுக்கு உதவ ராணுவத்தை இறக்குகிறோம் என்று நடுவில் ஒரு அறிவிப்பு வேறு வந்துவிட்டது. தளபதி கலோனிவாய் அசையவில்லை. அந்த வாரத்தில் பிஜியில் நடந்த பெரிய விஷயம் அதுதான்.

ஆனால் ராணுவம் கதையிலிருந்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 2013 அரசியலமைப்பின் 131-ம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு மட்டுமல்ல, மக்களின் நல்வாழ்வுக்கும் எப்போதும் ராணுவமே பொறுப்பு என்கிறது. நல்வாழ்வு என்றால் எது வேண்டுமானாலும் அதற்குள் வரும். புது ஆட்சி வந்து ஒரு மாதத்துக்குள்ளேயே, மாற்றங்களை வேகமாகச் செய்கிறீர்கள் என்று தளபதி வெளிப்படையாக எச்சரிக்கை விட்டார். ரபுகாவே முன்னாள் ராணுவத்துக்காரர் என்பதால் அதைப் பெரிதுபடுத்தாமல் பேசித் தீர்த்தார். அந்த இடத்தில் ஒரு வக்கீலோ வாத்தியாரோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பவத்ரா டாக்டர், சவுத்ரி தொழிற்சங்கக்காரர், கராசே வங்கிக்காரர். மூன்று பேரையும் கவிழ்த்தாயிற்று. மாராவுக்குப் பிறகு தன் காலத்தை முழுசாக ஆண்டு தேர்தலைச் சந்தித்த பிரதமர் யார் என்று எண்ணிப்பாருங்கள். கராசே 2006-ல் ஒரு தேர்தலைத் தாண்டினார், அந்த வருஷமே போனார். மிச்சம் இந்த இரண்டு பேர்தான். மக்கள் இவர்களுக்கு ஓட்டுப் போடுவதில் அந்தக் கணக்கும் இருக்கிறது என்பது என் எண்ணம். ராணுவம் கவிழ்க்காத ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வகைப் பாதுகாப்புத்தானே.

யாழ்வாசகன்:

கடைசிப் பந்தி நல்லா இருக்கு அண்ணை. அப்ப அது பயமும் இல்லை, விருப்பமும் இல்லை, அனுபவம் எண்டு சொல்லுறியள். ஒரு சந்தேகம், குடித்தலைவர் சபை இப்ப திரும்ப வந்திட்டுதோ?

நீலகிரியான்:

வந்துவிட்டது தம்பி, 2023-ல் ரபுகா அரசு மறுபடி கூட்டியது. அவர் எங்கிருந்து ஆரம்பித்தாரோ அங்கேயே ஒரு காலை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

முத்துவேல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நாண்டிக்காரி, உங்கள் அப்பா கேட்ட கேள்வியை நான் மறக்கமாட்டேன். கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பைனிமராமா சிறைக்குப் போனார் என்று எங்கோ படித்தேன், உண்மையா? ரபுகா மாதிரி இவரும் இன்னொரு சுற்று வர வாய்ப்பு இருக்கிறதா? அங்கே அடுத்த தேர்தலும் நெருங்குகிறது என்கிறார்கள்.

கடற்காகம்:

உண்மைதான். தெற்குப் பசிபிக் பல்கலைக்கழகம் தொடர்பான ஒரு போலீஸ் விசாரணையை நிறுத்தச் சொன்னார் என்பது வழக்கு. கீழ் நீதிமன்றம் தண்டனையே இல்லாமல் விட்டது, மேலே போய் 2024 மே மாதம் ஒரு வருஷச் சிறை ஆயிற்று, நவம்பரிலேயே வெளியே விட்டார்கள். அவருடைய கட்சியின் பதிவும் அந்த வருஷமே ரத்தாகிவிட்டது. 2006-க்காக அவரை யாரும் தொட முடியவில்லை பாருங்கள், ஒரு போன் பேச்சுதான் மாட்டிவிட்டது.

திரும்பி வருவது கஷ்டம். 12 மாதமோ அதற்கு மேலோ அதிகபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் எட்டு வருஷத்துக்குத் தேர்தலில் நிற்க முடியாது. இந்த வழக்கில் அந்தத் தீர்ப்பு நிற்கிறவரை அவருக்கும் அதே கதிதான். 2018 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் சொத்துக்கணக்கு வழக்கில் ரபுகாவுக்கு விடுதலை கிடைத்ததே, அன்றைக்கு அவர் தலைக்கு மேலும் இதே விதிதான் தொங்கிக்கொண்டிருந்தது. விதி இருப்பது 2013 அரசியலமைப்பில், 56-ம் பிரிவு. யாஷ் காய் எழுதிய வரைவை எரித்துவிட்டு பைனிமராமா அரசு எழுதிக்கொண்ட அதே அரசியலமைப்பு.